சிவப்பு வரி பிறந்த கதை

யூனிட்டி என்ற எஞ்சினில் கேம் எழுத உட்கார்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிற சிவப்பு வரி ஒன்று உண்டு: நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன். ஒரு பொருளைச் சுட்டுவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். சுட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. இது ஏதோ கணினியின் பிறவிக்குணம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இதைப் பெற்றவர் பெயரும் தெரியும், வருடமும் தெரியும்.

அவர் டோனி ஹோர். 1934-இல் கொழும்பில் பிறந்தவர். அம்மா தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும். பிறகு மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது, ரஷ்ய மொழிபெயர்ப்புக்காகச் சொற்களை அகரவரிசையில் அடுக்க வழி தேடியவருக்குச் சிக்கியதுதான் இன்று கல்லூரிதோறும் மனப்பாடம் செய்யப்படும் குயிக்சார்ட். 1960-இல் இங்கிலாந்தில் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து அல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதினார்.

அந்தக் கம்பைலர் ரொம்பக் கண்டிப்பு. 10 இடமுள்ள பட்டியலில் 11-ஆவது இடத்தைக் கேட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் சோதிப்பதால் வேகம் குறையும் என்பது தெரிந்ததுதான். வேண்டுமானால் இந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ள வசதி செய்து தரட்டுமா என்று பல வருடம் கழித்து வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு கறாரான ஆசாமியின் கையில்தான் நல் பிறந்தது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

1965. பின்னால் அல்கால் டபிள்யூ என்று பெயர்பெற்ற மொழியை நிக்லாஸ் விர்த்துடன் சேர்ந்து வடிவமைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பதிவு இன்னொரு பதிவைச் சுட்டலாம். எந்த வகைப் பதிவை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். ‘ஆள்’ என்று அறிவித்தால் அங்கே ஆள்தான் இருக்கும், ஆளுக்கு வயது உண்டு, ஆகவே வயதைக் கேட்டால் கிடைத்தே தீரும். நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் இதைச் சரிபார்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

விளிம்பில்தான் சிக்கல். வம்சாவளியின் முதல் ஆளுக்கு அப்பா யார்? வரிசையின் கடைசி ஆளுக்கு அடுத்தவர் யார்? ‘ஒருவரும் இல்லை’ என்பதைத் தனி வகையாக்கி, வயதைக் கேட்பதற்கு முன் எந்த வகை என்று பார்த்தே ஆகவேண்டும் என விதித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, எல்லா வகைக்கும் பொருந்தும் ‘நல்’ என்ற ஒரே மதிப்பை வைத்தார். செய்வது அவ்வளவு சுலபமாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை என்று 2009-இல் லண்டன் க்யூகான் மாநாட்டில் அவரே சொன்னார். அதற்குத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் பெயர் சூட்டினார். லிஸ்ப் மொழியில் ‘நில்’ அதற்கு முன்பே இருந்தது. பழி முழுவதையும் இவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ‘ஆள்’ என்று உறுதியாக அறிவித்த இடத்தில் ஆளே இல்லாமல் போகிற ஓட்டை இங்கேதான் விழுந்தது. ஜாவாவும் சி ஷார்ப்பும் அதை அப்படியே வாங்கிக்கொண்டன. சி ஷார்ப் வழியாக யூனிட்டிக்கு வந்தது.

கணக்கு மென்பொருளில் வாடிக்கையாளர் நடுவில் வெடித்துச் சிதறுவதில்லை. கேமில் சிதறுவார். கே.கே. நகரில் கேம் எழுதும் தம்பி ஒருவன் காட்டினான்: இரண்டு கோபுரங்கள் ஒரே எதிரியைக் குறிவைக்கின்றன, முதல் கோபுரம் கொன்றுவிடுகிறது, இரண்டாவது அடுத்த ஃபிரேமில் செத்தவனின் இடத்தைக் கேட்கிறது. அதே இனத்துச் சிவப்பு வரி. “இஃப் போட்டுட்டேன்ணா, போயிடுச்சு” என்றான். சிவப்பு போனது வாஸ்தவம்தான். கோபுரம்தான் அதற்குப் பிறகு சுடவே இல்லை. டார்கெட் நல் என்றால் திரும்பிவிடு என்று எழுதியிருந்தான். புது எதிரியைத் தேடும் வரி அதற்குக் கீழே இருந்தது.

இதில் யூனிட்டி தன் பங்குக்கு ஒரு பொய்யையும் சேர்த்திருக்கிறது. எதிரியின் உண்மையான உடல் எஞ்சினின் சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் இருக்கிறது. நம் கையில் இருப்பது சி ஷார்ப் உறை மட்டும். டெஸ்ட்ராய் என்ற கட்டளை உடலை அழிக்கும், உறை மிஞ்சும். ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்த பிறகும் ரேஷன் கார்டில் பழைய கதவு எண் இருப்பதுபோல. ‘இது நல்லா?’ என்று இரட்டைச் சமக்குறியால் கேட்டால், யூனிட்டி குறுக்கே புகுந்து ஆமாம் என்கிறது. கேள்விக்குறியும் புள்ளியும் போட்டுச் சுருக்கமாக எழுதினால் அதற்குக் குறுக்கே புக வழியில்லை. உறை இருக்கிறதே என்று நிரல் உள்ளே போய் அடிபடும். இந்த ஏற்பாட்டை எடுத்துவிடலாமா என்று 2014-இல் யூனிட்டியே வெளிப்படையாக யோசித்து, கடைசியில் விட்டுவைத்தது.

2019-இல் சி ஷார்ப் 8 ஓட்டையை அடைக்கப் பார்த்தது. அந்த வசதியை இயக்கினால், நல் ஆகலாம் என்று நாம் குறிக்காத எதையும் காலியாக விடக்கூடாது. விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். யூனிட்டியிலோ பொருளை இன்ஸ்பெக்டரில் மவுஸால் இழுத்துப் போடுகிறோம், அது கம்பைலர் கண்ணில் படாது. எல்லாம் சரியாகப் போட்டிருந்தாலும் புலம்பும். அதன் வாயை அடைக்க, ‘இது காலி இல்லை’ என்று சத்தியம் செய்வதற்கு, அந்த வரியில் எழுதுவது இதுதான்: சமக்குறி, நல், ஓர் ஆச்சரியக்குறி.