வைட்டமின் மாத்திரையும் கையில சுத்தற பட்டையும்

புதுச்சேரிக்காரங்க எதைப் பேசினாலும் கடைசியில பிரெஞ்சுக்காரங்ககிட்டதான் போய் நிப்பாங்கன்னு கேலி பண்றவங்க உண்டு. இந்தப் பதிவும் அப்படித்தான் :-) ஆனா விஷயம் கொஞ்சம் சீரியஸ்: கர்ப்ப காலத்துல வர்ற ரத்தக் கொதிப்பு.

தலைவலி, முகவீக்கம்னு ஆரம்பிச்சு, திடீர்னு வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் சேர்ந்தே போயிடறதுண்டு. பாட்டிங்க ஜன்னின்னு சொல்லிடுவாங்க. டாக்டருங்க சொல்ற பேர் எக்லாம்ப்சியா. தலைப்பிரசவக்காரங்களுக்குத்தான் இது அதிகம்னு 17-ஆம் நூற்றாண்டுலயே கவனிச்சவர் பிரான்சின் மோரிசோ. காக்காவலிப்பு வேற, இது வேறன்னு 1739-ல பிரிச்சுச் சொன்னவரும் பிரெஞ்சு மருத்துவர்தான், புவாசியே த சோவாஜ். இங்க ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சு அப்ப மூணு வருஷம்தான்!

1823-ல நம்ம ஊர்ல பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளி திறந்துச்சு (ஜிப்மரோட வேர் அதுதான்). அப்பக்கூட ரத்த அழுத்தத்தை அளக்க, கையில சுத்தற பட்டை கிடையாது. அதை 1896-ல கொண்டுவந்தவர் இத்தாலியின் ரிவா-ரோச்சி. மறு வருஷம் பாரிஸ்ல வாக்கேயும் நொபேகூரும், இந்த வலிப்பு வந்த பெண்களுக்கு ரத்த அழுத்தம் எகிறியிருக்குன்னு எழுதினாங்க. வலிப்புக்கு முன்னாடியே ஆபத்தைப் பிடிக்க வழி கிடைச்சது இப்படித்தான்.

சரி, வைட்டமின் எங்க வந்துச்சு? 1928-ல பம்பாய் வந்த லூசி வில்ஸ், கர்ப்பிணிகளுக்கு வர்ற ஒருவகை ரத்தசோகை மார்மைட் கொடுத்தா சரியாகுதுன்னு கண்டுபிடிச்சார். குன்னூர், சென்னையிலயும் வேலை பார்த்தார். அதுல இருந்த சத்துதான் பின்னாடி ஃபோலிக் அமிலம்னு பேர் வாங்குச்சு.

ரத்தசோகையை ஒரு வைட்டமின் தீர்க்குதுன்னா, ரத்தக் கொதிப்பை இன்னொண்ணு தடுக்காதா? 1999-ல லண்டன்ல, ஆபத்து அதிகமுள்ள 283 பெண்களை வச்சு வைட்டமின் சி, இ சோதிச்சாங்க. மாத்திரை எடுத்தவங்கள்ல 8 சதவீதம் பேருக்குத்தான் நோய், எடுக்காதவங்கள்ல 17. ஒரே பரபரப்பு! ஆனா 2006-ல பிரிட்டன்ல 2,410 பேரை வச்சுப் பார்த்தப்ப பலன் இல்லை. எடை குறைஞ்ச குழந்தைங்கதான் கூடுச்சு. 2009-ல வெளியான, இந்தியாவும் கலந்துகிட்ட ஆய்வுலயும் அதே கதைதான்.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். நோய் வந்தவங்க ரத்தத்துல ஒரு வைட்டமின் குறைவா இருந்தா, அந்தக் குறைவாலதான் நோய் வந்துச்சுன்னு அர்த்தமில்லை. நோயே அதைக் குறைச்சிருக்கலாம்.

உண்மையில உயிரைக் காப்பாத்தினது எது? மெக்னீசியம் சல்பேட். ரொம்ப மலிவான மருந்து. 33 நாடுகள்ல பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகிட்ட 2002-ஆம் வருஷ ஆய்வுல, வலிப்பு ஆபத்தைப் பாதியாக்குச்சு. சாப்பாட்டுல கால்சியம் கம்மியா உள்ளவங்களுக்குக் கால்சியம் மாத்திரையும் உதவும். அது வைட்டமின் இல்லை, தாது உப்பு.

அதுக்காக டாக்டர் கொடுத்த ஃபோலிக் அமிலத்தை நிறுத்திடாதீங்க, அதோட வேலை வேற. ஆனா "சத்து மாத்திரைதான் சாப்பிடறாளே"ன்னு பிபி பார்க்காம விட்டுடாதீங்க. விடாத தலைவலி, கண்ணு மங்கறதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். வளைகாப்புக்கு எத்தனை டஜன் வளையல்னு கேக்கற நாம, "போன தடவை பிபி எவ்ளோ இருந்துச்சு?"ன்னும் ஒரு வார்த்தை கேப்போமே.