காழும் வெளிறும்: விறகறிவின் வரலாறு

நிற்கும் மரத்தை அறிதல் எளிது. இலையும் பூவும் காயும் அதன் பெயரைக் காட்டிவிடும். வீழ்ந்து, இலை உதிர்ந்து, பட்டையும் கழன்று கிடக்கும் மரத்தை அறிதல் அத்துணை எளிதன்று. அஃது அடுப்பிற்கு ஏற்றதா, ஏலாததா எனத் துணிய வேண்டியவர் அதன் அகத்தையே நோக்குதல் வேண்டும். தமிழ் நூல்களிற் காணும் மரப்பெயர்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் பூவின் வழியே சென்றனர். குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை நிரல்படக் கூறுதலின் அவ்வழி இயல்பாயிற்று. விறகின் வழியே சென்று காணத்தக்க செய்திகளும் உள. அவற்றுள் காழ், வெளிறு என்னும் இரு சொற்களின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பிய மரபியல், புறத்தே காழ் உடையவற்றைப் புல் எனவும் அகத்தே காழ் உடையவற்றை மரம் எனவும் பகுக்கின்றது. தெங்கு, பனை, கமுகு, மூங்கில் முதலியன புல்லின் பாற்படும் என்பது இதனாற் பெறப்படும். இன்றைய பயிரியலார் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பகுக்கும் முறையோடு இப்பகுப்பு ஒத்திருத்தலைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் வித்தின் இலையை எண்ணிப் பகுத்தல் வேறு. தண்டின் வன்மை எங்குளது எனக் கண்டு பகுத்தல் வேறு. தொல்காப்பியர் பகுப்பைப் பயிரியல் எனப் புகழ்வதினும், அவ்வறிவு எவ்வாறு பெறப்பட்டது என வினவுதலே வரலாற்றிற்குப் பயன்படும்.

நிற்கும் பனையின் காழ் புறத்ததா, அகத்ததா என்பது கண்ணிற்குப் புலனாகாது. அதனை வெட்டிய கையே அறியும். பனையை வெட்டுவோன் முதல் வெட்டிலேயே வன்மையை எதிர்கொள்வான். உள்ளே செல்லச் செல்லச் சோறு எனப்படும் மென்பகுதியைக் காண்பான். புளியை வெட்டுவோன் வெளியே வெளிர்நிறத்த மென்மரத்தையும் உள்ளே கருஞ்சிவப்பான வன்மரத்தையும் காண்பான். எனவே மரபியற் பகுப்பு, கோடரி ஏந்தியவர் நெடுங்காலம் கண்டு வழங்கிய அறிவை அடியாகக் கொண்டது எனக் கருதுதல் பொருந்தும். முருங்கை, முருக்கு போல்வன அகத்தும் வன்மை குறைந்தன. அவற்றை மரமென அறிதற்குக் காழ் மட்டும் போதாது. இலை, தளிர், கோடு, சினை முதலிய உறுப்புப் பெயர்களையும் மரத்திற்கு உரியனவாக அவ்வியல் வகுத்திருத்தல் இக்குறையை நிரப்புகின்றது.

காழின் மறுதலை வெளிறு. வயிரம் ஏறாத வெளிய பகுதிக்கும், அத்தகைய பகுதியே மிக்க மரத்திற்கும் அச்சொல் வழங்கும். புறநானூற்றின் 23ஆம் பாட்டு, யானை கட்டும் தறியை வெளிறு இல்லாத வலிய காழ் எனச் சிறப்பிக்கின்றது. தறிக்கு மரம் தேர்ந்தவர் வெளிற்றைச் செதுக்கி நீக்கிக் காழை மட்டும் கொண்டனர் என்பது இதனாற் புலனாகும். திருக்குறளில் 879ஆம் குறள், முள்மரத்தை இளமையிலேயே களைக என்றும், அது முற்றியபின் களைவோர் கையையே வருத்தும் என்றும் கூறுகின்றது. அங்கே முற்றுதலைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட வினை காழ்த்தல் என்பதாகும். காழ் என்பது மரம் ஆண்டுதோறும் அடையும் நிலை என்னும் கருத்து அவ்வினையில் அடங்கியுள்ளது.

இனி, விறகைப் பற்றிய மூன்று சங்க இடங்களை நோக்குவாம். புறநானூற்றின் 251ஆம் பாட்டில், தவம் பூண்ட ஒருவன் அருவியாடி, காட்டு யானை தந்த விறகால் தீ வளர்த்துச் சடையைப் புலர்த்துகின்றான். யானை முறித்ததோ, வீழ்ந்ததை எடுத்ததோ பாட்டிற் கூறப்படவில்லை. அவன் கோடரி தொடாத விறகு என்பது தெளிவு. 108ஆம் பாட்டில், பறம்பு மலைக் குறத்தி அடுப்பில் மாட்டிய கொள்ளி ஆரமாக, அதன் புகை அயலில் உள்ள வேங்கையின் பூங்கிளையில் தவழ்கின்றது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக் கடற்கரையில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மரம் ஒட்டகம் துயின்றாற்போலக் கிடக்க, நுளைமகள் அதனையே விறகாக்கித் தீ மூட்டுகின்றாள்.

இம்மூன்றனுள் பின்னைய இரண்டும் நம் ஆராய்ச்சிக்குச் சிறந்தன. கபிலர் கொள்ளியின் புகையைக் கூறுமிடத்தே அஃது ஆரம் என அறிவிக்கின்றார். நத்தத்தனார் கரையொதுங்கிய மரத்திற்குப் பெயர் கூறாது, மணமுடைய மரம் என்ற அளவில் நிறுத்துகின்றார். உரைகாரர் அதனை அகில் எனக் கொள்வதும் மணம் பற்றியே. எங்கோ வீழ்ந்து, கடலில் மிதந்து, இலையும் பட்டையும் இழந்து வந்த மரத்திற்கு எஞ்சிய அடையாளம் மணம் ஒன்றே. அதனைப் புலவர் அறிந்தே பாடினர் என்பது எம் கருத்து.

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் திருவமுதிற்கு உரிய அரிசி, பருப்பு, நெய், மிளகு முதலியவற்றோடு விறகிற்கும் நெல் ஒதுக்கப்பட்டமை காணலாம். அங்கே விறகு விலையால் அளக்கப்படும் பண்டமாய் நிற்கின்றது. பிற்காலத்தில் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என ஒரு படலமே அமைத்தார். விறகு சுமந்து விற்போர் மதுரைத் தெருக்களில் பழகிய காட்சியாய் இருந்தமையாலன்றோ இறைவன் அவ்வடிவில் வருதல் கற்போர்க்கு இயல்பாய்த் தோன்றியது?

காலப்போக்கில் காழ் என்னும் சொல் வழக்கிற் குன்றியது. வச்சிரம் என்னும் வடசொல்லின் திரிபாகிய வயிரம் அவ்விடத்தைப் பற்றிற்று. வைரம் பாய்ந்த கட்டை என்பதே இன்றைய வழக்கு. சொல் மாறினும் அறிவு மாறவில்லை. ஒதியமரம் பருத்தாலும் உத்தரத்திற்கு உதவாது என்னும் பழமொழி, பருமை கண்டு மயங்கற்க, அகம் நோக்குக என்றே அறிவுறுத்துகின்றது. விறகு தேர்வோர் கையில் எடுத்து எடை காண்பர், வெட்டுவாயில் வெளிற்றின் அகலத்தையும் வைரத்தின் நிறத்தையும் நோக்குவர், மோந்து பார்ப்பர், இரு கட்டைகளைத் தட்டி ஓசை கேட்பர். உலர்ந்தது கணீரென ஒலிக்கும். ஈரமுள்ளது மழுங்கி ஒலிக்கும். புளியும் கருவேலும் நின்று எரிந்து நல்ல கரி தரும். இலவும் முருங்கையும் விரைவில் எரிந்து சாம்பலாகும். தில்லையின் பாலும் புகையும் கண்ணிற்குத் தீங்கு செய்யும். அரளியின் புகையும் நஞ்சாம். ஆதலின் மரமறிதல் வெப்பத்தை மட்டுமன்றி உடல்நலத்தையும் பற்றியதாயிற்று.

1856ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை புகைவண்டி ஓடியது. சென்னை மாகாணக் காடுகளின் காப்பாளராகக் கிளெக்கார்ன் அமர்த்தப்பட்டார். புகைவண்டிகள் விறகையும் எரித்தமையால் காடுகள் விரைந்து குறைந்தன. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. 1881இல் கேம்பிள் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய நூல், ஒவ்வொரு மரத்தின் வைரநிறம், நுண்துளை, கதிர்க்கோடு, கன அடியின் எடை ஆகியவற்றைக் குறித்தது. வெட்டிய துண்டைக்கொண்டே மரத்தை அறிதற்குரிய முறை அது. விறகு வெட்டியின் கையும் கண்ணும் அறிந்தது அளவையால் எழுத்தில் ஏறியது எனலாம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தின் அருகே கரை கடந்த கசாப் புயல், காவிரிப் படுகையில் எண்ணிறந்த தென்னைகளை வீழ்த்தியது. மரம் மிகுதியாகக் கிடந்தும் அடுப்பிற்கு நல்ல விறகு அந்த அளவிற்கு மிகுந்ததாகாது. தென்னையின் காழ் புறத்தது. உள்ளே நீர் தாங்கிய சோறு எளிதில் உலராது. மரபியலின் பகுப்பு, வீழ்ந்த தோப்புகளில் மீண்டும் கண்கூடாயிற்று.

எரிவாயு அடுப்பு பரவிய பின்னர் விறகுத்தொட்டிகள் அருகின. அவற்றோடு இவ்வறிவும் சொற்களும் அருகுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது மரப்பெயர்கள் பலவற்றிற்குப் பயிரியற் பெயர்களைத் தந்தது. எனினும் வைரம் எந்நிறத்தது, புகை எத்தன்மையது என்பன அகராதியின் எல்லைக்குள் வருவன அல்ல. பழம்பாட்டில் ஒரு மரம் கொள்ளியாகவோ, தறியாகவோ, அலை ஒதுக்கிய கட்டையாகவோ வருங்கால், பூவைக்கொண்டு மட்டும் அதனைத் துணிதல் குறையுடைத்து. கோடரி பிடித்துப் பழகிய முதியோர் இன்னும் நம் ஊர்களில் உளர். அவர்தம் வாய்மொழியைக் கேட்டு, மரத்துண்டுகளோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தல் மொழியாராய்ச்சியாளர் கடன். அது செய்யப்படுமாயின் காழ் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே நின்ற அறிவு முழுமையும் நமக்குக் கிட்டும். காலம் தாழ்ப்பின் அச்சொல்லின் பொருளை நூலிலிருந்து மட்டுமே உய்த்துணர வேண்டியவராவோம்.