‘ஸ்லிம்’ என்று ஒரு நோய்

உகாண்டாவின் தெற்கே ராக்காய் மாவட்டம். விக்டோரியா ஏரியை ஒட்டிய மீனவ ஊர்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே நல்லா இருந்த ஆட்கள் கண்ணெதிரே கரைந்துபோனார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அப்புறம் எலும்பும் தோலும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் ‘ஸ்லிம்’. 1985 அக்டோபரில் லான்செட் இதழில் டேவிட் செர்வாடாவும் சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரை அந்தப் பேரையே தலைப்பில் வைத்து, எய்ட்ஸ் வைரஸோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டியது.

1987ல் அமெரிக்காவின் சிடிசி எய்ட்ஸ் வரையறையைத் திருத்தியபோது இந்த மெலிவும் உள்ளே வந்தது. எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். கூடவே 30 நாளாவது வயிற்றுப்போக்கோ, பலவீனத்தோடு காய்ச்சலோ இருக்க வேண்டும். எச்ஐவி தவிர வேறு காரணம் இருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. சரி, எக்ஸ்ரேகூட எட்டாத ஊரில் ‘வேறு காரணம் இல்லை’ன்னு யார் சொல்றது?

பதில் பிணவறையிலிருந்து வந்தது. கோட் டிவாரின் அபிஜான் நகரில் செபாஸ்டியன் லூகாஸ், கெவின் டி காக் உள்ளிட்ட குழுவினர் எச்ஐவியோடு இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்தார்கள். முடிவு 1994ல் பிஎம்ஜே இதழில் வந்தது. எலும்பும் தோலுமாக இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காசநோய் இருந்தது. மெலியாதவர்களிடம் அது குறைவு.

இங்கேதான் மனசு கனக்கிறது. எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்துகள் அப்போது வரவில்லை. ஆனால் காசநோய்க்கு ஐசோனியசிட் 1952லிருந்தே இருக்கு. ‘ஸ்லிம்’ என்ற ஒரே பேருக்குள், குணமாக்கக்கூடிய நோயும் ஒளிந்துகொண்டிருந்தது.

காசம் எப்படி உடம்பைத் தின்கிறது? பசி போய்விடும், காய்ச்சல் சக்தியை எரிக்கும், அழற்சி சாப்பிட்ட புரதத்தைத் தசையாகச் சேரவிடாது. எச்ஐவியும் இதையே செய்வதால், இரண்டும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்புச் சுமை. சிகிச்சை தொடங்கியதும் எடை ஏறும்தான். ஆனால் முதலில் சேர்வது பெரும்பாலும் கொழுப்பு; தசை மெதுவாகத்தான் திரும்பும். தராசு முள் ஏறியது என்பதற்காக, வேலைக்குப் போகிற பலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

நம்மூர்ப் பழைய பேரை யோசித்துப் பாருங்கள்: எலும்புருக்கி. மெலிவுக்குப் பின்னால் காசம் இருக்கலாம் என்பதை அந்தப் பேரே சொல்லிவிடுகிறது. ராக்காயில் வைத்த பேர் உடம்பின் தோற்றத்தை மட்டும் சொன்னது. காரணத்தைக் கேட்டு வாங்க அபிஜானின் பிணவறை வரை போகவேண்டியிருந்தது.