படல் முதல் ஷட்டர் வரை: சேர்வராயன் மலையில் வீட்டு வெப்பக் காப்பின் வரலாறு

வீட்டுக்குள் உள்ள வெப்பம் வெளியேறாமலும், வெளியில் உள்ள வெப்பம் உள்ளே நுழையாமலும் தடுக்கும் அமைப்பு வெப்பக் காப்பு எனப்படும். மின்சாரச் சிக்கனத்தின் ஒரு வழியாக இன்று இது பேசப்படுகிறது. கார் ஷெட்டின் இரும்புக் கதவுக்கு உட்புறம் நுரைப்பலகை பொருத்துவது இதன் அண்மைக்கால வடிவங்களுள் ஒன்று. இந்தப் பொருள்கள் நமக்குப் புதியவை. இவற்றின் அடிப்படையான அறிவு புதியதன்று. சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில் உள்ள வெள்ளக்கடை போன்ற மலைக் கிராமங்களின் பழைய வீடுகளில் அது நெடுங்காலமாகவே இருந்து வந்தது. அந்த அறிவு எப்படி வந்தது, எப்படிக் கைவிடப்பட்டது, எப்படி மீண்டும் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் குளிரும்

சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடிவாரத்தில் சேலம் நகரம் கோடையில் 40 டிகிரி வெயிலில் காயும்போது, மலையில் 30 டிகிரியை ஒட்டியே வெப்பம் நிற்கும். மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் நல்ல குளிர் இருக்கும். ஆகவே மலையில் வீடு கட்டுவோர் வெயிலை விடக் குளிரையும் மழைக்காற்றையுமே அதிகம் கருத வேண்டியிருந்தது.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளி என்று அழைக்கப்படுகின்றனர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி வழக்கு. மூங்கிலைப் பிளந்து பின்னி, அதன்மேல் மண் பூசிய சுவரும், புல் வேய்ந்த கூரையும் கொண்டவை இவர்களின் பழைய வீடுகள். வாசல் தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த படல், எளிய வீடுகளில் கதவாகப் பயன்பட்டது.

காற்றே காப்பு

இத்தகைய வீடு குளிரைத் தடுத்தது எப்படி? பள்ளிப் பாடத்தில் நற்கடத்தி, அரிதிற் கடத்தி என்று படிக்கிறோம். எஃகு நற்கடத்தி. அசையாத காற்று அரிதிற் கடத்தி. எஃகின் வெப்பக் கடத்துத்திறன் காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 2,000 மடங்கு. கம்பளி, பஞ்சு, வைக்கோல், மரத்தூள் ஆகிய அனைத்தும் தமக்குள் காற்றை அசையவிடாமல் சிறைப்பிடித்து வைப்பதாலேயே வெப்பத்தைத் தடுக்கின்றன. புற்கூரையின் ஆயிரக்கணக்கான தாள்களுக்கு இடையிலும் தாள்களின் உள்ளேயும் இருப்பது இந்தக் காற்றுதான். அரையடி கனமுள்ள புற்கூரை, நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்தைப் போல் சுமார் 30 மடங்கு வெப்பத் தடை உடையது. சிறிய வாசலும் இதே கணக்கில் சேரும். திறப்பு சிறியதாக இருந்தால் இழப்பும் சிறியதாகும்.

இவ்வறிவு வணிகத்தையும் வளர்த்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், ஏரிப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் அது முழுவதும் கரையாமல் வந்து சேர்ந்தது. அதைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டதே ஐஸ் ஹவுஸ். அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ளது.

பங்களாவும் சீமை ஓடும்

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பிப் பயிர் அறிமுகமாயிற்று. தோட்டங்களைத் தொடர்ந்து துரைமார்களின் பங்களாக்கள் எழுந்தன. அவர்கள் குளிரைத் தடுப்பதைவிட, நெருப்பு மூட்டிச் சமாளிப்பதையே பெரிதும் நம்பினர். கனத்த சுவர், உயர்ந்த அறை, மூலையில் கணப்பு, அதற்கு விறகு என்பது அவர்கள் முறை.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கனத்த கற்சுவர் வெப்பத்தை உள்வாங்கி, மெதுவாக வெளிவிடும். பகல் வெப்பம் இரவில் உள்ளே வந்து சேரும். இது வெப்பத்தைத் தாமதப்படுத்துவது. புற்கூரை செய்வது வெப்பத்தைத் தடுப்பது. இரண்டும் ஒன்றல்ல.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்ற பிணைப்பு ஓட்டை, பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இதையே நாம் சீமை ஓடு என்கிறோம். ஓட்டின் கீழ் மரப்பலகை அடித்தால் இடையில் ஒரு காற்றறை கிடைத்தது. ஆனால் 1829-இல் இங்கிலாந்தில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்ற நெளித் தகரம் அப்படிப்பட்டதன்று. மழையைத் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பகலில் சூட்டையும் இரவில் குளிரையும் அது அப்படியே உள்ளே கடத்தியது.

சமவெளியிலும் தனி முறைகள் இருந்தன. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மாடித்தளத்தில், தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தனர். வாசலிலும் சன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு நீர் தெளித்தனர். நீர் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்று குளிர்ந்தது.

கூரை மாறியது

புற்கூரைக்கும் கீற்றுக்கூரைக்கும் பெரிய குறை நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் அரசுத் திட்டங்களும் 2010 முதல் பெரிய அளவில் நடைபெற்று வருகின்றன. இம்மாற்றம் தேவையானது. தீயிலிருந்தும் ஒழுகலிலிருந்தும் ஏழைகளைக் காத்தது.

ஆயினும் கூரையோடு சேர்ந்து, அதற்குள் இருந்த காற்றும் போய்விட்டது. மலையில் கட்டப்படும் வீடும் சமவெளி வீட்டின் வரைபடத்தையே பின்பற்றியது. குளிரைத் தாங்க அறைச் சூடேற்றியும், சமவெளியில் வெயிலைத் தாங்க ஏசியும் வந்தன. முன்பு கூரை செய்த வேலையை இப்போது மின்சாரம் செய்கிறது.

வீட்டின் மிகப்பெரிய கதவு

கார் பெருகியபோது வீட்டின் மிகப்பெரிய திறப்பாக ஷெட் கதவு அமைந்தது. மேலே மடிந்து ஏறும் பலகைக் கதவை அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் 1921-இல் உருவாக்கினார். 1973-இல் கச்சா எண்ணெய் விலை உயர்ந்தபோது, வீட்டில் வெப்பம் கசியும் இடங்களையெல்லாம் மேலை நாட்டினர் தேடத் தொடங்கினர். நுரைப்பலகை வைத்த இத்தகைய கதவுகள் அங்கே பரவலாயின. நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைத் தகட்டு ஷட்டர் அல்லது இரும்புக் கதவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏற்காட்டில் ஒரு வீட்டின் ஷெட்டை அறையாக மாற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கதவு 10 அடிக்கு 8 அடி. இரவில் வெளியே 14 டிகிரி, உள்ளே 24 டிகிரி. வெறும் இரும்புக் கதவு வழியே ஏறத்தாழ 435 வாட் வெப்பம் வெளியேறும். 1,000 வாட் சூடேற்றி தரும் வெப்பத்தில் இது பாதியை நெருங்குகிறது. ஓர் அங்குலத் தெர்மாகோல் பலகையைக் கதவு முழுவதும் பொருத்தினால் இழப்பு 85 வாட் அளவுக்குக் குறையும். எட்டு மணி நேரத்தில் மிச்சம் 2.8 யூனிட். இடுக்குகள் வழியாகப் புகும் காற்று இக்கணக்கில் சேராது. ஆகவே முதலில் கதவின் அடியிலும் ஓரங்களிலும் ரப்பர் பட்டை வைத்து அடைப்பதே நல்லது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சுருண்டு ஏறும் ஷட்டரில் பலகை ஒட்ட முடியாது. அதற்கு உட்புறம் கனத்த திரையோ தனி மரக்கதவோ அமைக்க வேண்டும், அல்லது உள்ளே நுரை நிரப்பிய இரட்டைத் தகட்டு ஷட்டர் வாங்க வேண்டும். தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும். ஆகவே அதைத் திறந்தபடி விடாமல் தீப்பற்றாத பலகையால் மூடுவது அவசியம். கீற்றுக்கூரை கற்பித்த பாடத்தை இங்கே மறக்கக் கூடாது. கார் நிறுத்தும் ஷெட்டானால், இடுக்குகளை அடைத்தபின் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். மேலும், ஷெட் வீட்டிலிருந்து தனியே நின்றால், அதில் யாரும் தங்காவிட்டால், இச்செலவால் பயனில்லை. அந்தப் பணத்தை மாடித்தளத்துக்குச் செலவிடலாம்.

சட்டத்தில் வெப்பக் காப்பு

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-இலும், குடியிருப்புகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-இலும் வெளியாயின. பின்னது சுவர், சன்னல், கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கலாம் என்பதற்கு வரம்பு கூறுகிறது. கூரையின் ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. காப்பு ஏதுமற்ற வெறும் கான்கிரீட் தளம் இந்த வரம்பைத் தாண்டிவிடும். உலர்ந்த புல்லை அரையடி கனத்துக்கு வேய்ந்த கூரையோ வரம்புக்குள் எளிதாக நின்றுவிடும்.

ஆகவே பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. தீக்கு அஞ்சாத கான்கிரீட் வீடு வேண்டும். அதோடு அதன் கூரையிலும் கதவிலும் அசையாத காற்றுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு மலைமக்கள் செய்ததும் அதுவே.