மேட்டிலே ஓடும் ஆறு



தண்ணி பள்ளத்திலேதான் ஓடும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ஆறு மேட்டிலே ஓடுகிறது, வயல் பள்ளத்திலே கிடக்கிறது. மதகைத் திறந்தால் போதும். ஏற்றம் வேண்டாம், பம்புசெட்டு வேண்டாம், தண்ணி தானாக இறங்கி வயலுக்குப் போய்விடும். ஆறு எப்படி ஐயா மேட்டிலே ஏறியது?

குடகு மலையிலே பிறக்கிற காவிரிக்கு மேலே இருக்கும் வரை அறுப்பதுதான் வேலை. ஒகேனக்கல்லிலே பரிசலில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் பாறைச் சுவர். ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அது. அறுத்த பாறைத்தூளும், மழை கழுவிவந்த மலைமண்ணும் எங்கே போச்சு? சமவெளிக்கு வந்ததும் வாட்டம் குறைகிறது. வேகம் குறைந்த தண்ணிக்குச் சுமை தூக்கத் தெம்பில்லை. பருமணலை ஆற்றுக்குள்ளேயே போட்டுவிடும். வெள்ளம் கரை புரளும்போது கரையோரத்திலே மணல் படியும், தள்ளிப்போய் நைசான எக்கல் படியும். இப்படிப் பல்லாயிரம் வருஷம் படிந்து, ஆற்றின் அடியும் உயர்ந்தது, கரையும் உயர்ந்தது. நாம் குறுவையும் சம்பாவும் நடுகிற நஞ்சை முழுக்க மேற்கேயிருந்து வந்த மண்தான்.

இதிலே ஒரு சங்கடம் உண்டு. மேட்டிலே ஏறின ஆறு பக்கத்திலே பள்ளம் கண்டால் அங்கே பாய்ந்துவிடும். காவிரிக்கு அந்தப் பள்ளம் கொள்ளிடம். முக்கொம்பிலே ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவிலே ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வு, கடலுக்கு வழியும் நேர். விட்டால் தண்ணி முழுக்க அந்தப் பக்கம்தான் போகும்.

ஸ்ரீரங்கம் தீவின் கிழக்குக் கோடியிலே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. காவிரி அங்கே கொள்ளிடத்திலே விழுந்துவிடாமல் தடுக்கத்தான் கல்லணை. கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்கிறோம். ஆழம் காணாத மணலிலே கல்லைப் போட்டு, அது இறங்க இறங்க மேலே கல் போட்டு எழுப்பின வேலை. மணலிலே அஸ்திவாரம் போடும் வித்தையை நம்மவர்களிடம்தான் கற்றதாக ஆர்தர் காட்டன் துரையே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு மனசு இருந்ததே, அது பெரிசு!

அவர் காலத்திலே முக்கொம்பிலே காவிரியின் வாய் தூர்ந்துகொண்டே வந்தது. தஞ்சைக்கு வரவேண்டிய தண்ணி கொள்ளிடத்தோடு போயிற்று. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்ட ஆரம்பித்தார் காட்டன். காவிரிக்குத் தண்ணி வந்தது. வந்தது கொஞ்ச நஞ்சமா? அளவுக்கு மிஞ்சி வந்து, தூர்ந்து கிடந்த ஆறு தன் அடியையே அரிக்கத் தொடங்கிவிட்டது! ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் கணக்குக் கேட்கிற சாதி, ஆறு. அப்புறம் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பைப் போட்டுத்தான் சமன் பண்ணினார்கள்.

அந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்திலே முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள். கொள்ளிடத்திலே மணல் அள்ளினால் அதன் அடி இன்னும் தாழும். அடி தாழத் தாழ ஆற்றை அந்தப் பக்கம் இழுக்கிற இழுப்பும் கூடும். லாரி லாரியாக மணல் போகும்போது, போவது மணல் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

எக்கல் கதையும் மாறிப்போச்சு. 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு, மேலேயிருந்து வரும் வண்டலிலே பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணி தெளிந்து வருகிறது; மண் வருவதில்லை. 2017 கோடையிலே அணைக்குள் வண்டல் எடுக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சுற்றுவட்டார விவசாயிகள் டிராக்டரிலே அள்ளிக்கொண்டு போனார்கள். நம்ம பாட்டன் காலத்திலே அந்த மண்ணை வாடகை கேட்காமல் ஆறே கொண்டுவந்து வயலிலே கொட்டிவிட்டுப் போகும்.