முதல் நாள் ஊதும் சங்கு

சொகுசுக் கப்பலில் நண்பர்களோடு ஏறிய முதல் நாள். நீச்சல் தடாகம் எங்கே, சாப்பாடு எங்கே என்று நாங்கள் ஓடித்திரிய, அபாயச் சங்கு ஊதுகிறது: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. எல்லாரும் ஒன்றுகூடும் இடத்துக்குப் போகவேணும். "உதெல்லாம் இப்ப தேவையா மச்சான்?" என்றான் ஒருத்தன். தேவைதான். அந்தச் சங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர்காப்புப் படகுகள் போதவில்லை என்பது தெரிந்த கதை. இருந்த படகுகளும் நிரம்பவில்லை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். 65 பேர் ஏறக்கூடிய முதலாவது படகு, முப்பது பேர்கூட இல்லாமல் கடலில் இறக்கப்பட்டது. 1914 இல் கடலில் உயிர்காப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது.

ஆனாலும், பயணிகள் ஏறி 24 மணித்தியாலத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றே பின்னாளில் விதி இருந்தது. 2012 ஜனவரி 13 மாலை இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா புறப்பட்டது. அன்று ஏறிய சுமார் 700 பேருக்கு இன்னும் ஒத்திகை நடக்கவில்லை. அன்றிரவே கப்பல் ஜிலியோ தீவருகே பாறையில் மோதியது. கப்பலைக் கைவிடும் கட்டளையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியே வந்தது. 32 பேர் இறந்தார்கள்.

2015 முதல் விதி மாறியது: ஒத்திகை கப்பல் புறப்பட முன்னரோ, புறப்பட்ட உடனேயோ நடக்கவேணும். எங்கட முதல் நாளில் அந்த அரைமணித்தியாலம் 'வீணாக' இவ்வளவு பேர் சாகவேண்டியிருந்தது.