சங்கரின் பொம்மை மாளிகை

கேலிச்சித்திரக் கலைஞராகப் பாரதமெங்கும் புகழ்பெற்ற கேசவ சங்கர பிள்ளை, தாம் நடத்திவந்த குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக வழங்கும்படி ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த பொம்மை ஒன்றைக் கையில் வாங்கியபோது அதன் அழகில் மனம் தோய்ந்து, பின்னர்ப் பிரதமர் நேருவுடன் பிறதேசங்களுக்குப் பத்திரிகையாளராகச் சென்ற இடமெல்லாம் பொம்மைகளைத் திரட்டலானார். ஏறக்குறைய 500 சேர்ந்தபின் ஊர்தோறும் கண்காட்சி வைத்தார். அந்தச் சேகரமே 1965-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி டில்லியில் திறக்கப்பெற்ற சர்வதேசப் பொம்மை மியூசியமாக வளர்ந்தது.

சேகரித்ததோடு நில்லாமல், பொம்மை செய்யும் தொழிற்கூடம் ஒன்றையும் அங்கேயே அமைத்தாரே, அதைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். மணப்பெண்ணின் புடவைக் கரையும், அவள் காதில் ஆடும் ஆபரணமும், கதகளி வேஷதாரியின் கிரீடமும் அந்தந்தப் பிரதேசத்து வழக்கம் பிசகாமல் கைவேலையாகவே உருப்பெற்றன; அப்பொம்மைகள் கடல் கடந்து சென்று, பிறநாட்டுப் பொம்மைகளை மாற்றாக இங்கே வரவழைத்தன. பண்டமாற்று என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம் என்றே சொல்வேன்.

அக்கூடத்தின் பொம்மைகளுக்கு 1980-இல் போலந்து தேசத்துக் கிராக்கோ நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சியில் பொன் மயிலிறகு என்னும் முதற்பரிசு கிடைத்தது.